மரை கழன்றது யாருக்கு?

"எனக்கு மரை கழண்டுடுச்சான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார் வந்தவர்.

சோடா மேஜை துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே நிறுத்தினான். "அந்த டாக்டர் ரெண்டாவது மாடி சார். இது மூணாவது."

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவரானான்.

ஊரில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். உண்மையில் அந்த உரிமை உள்ளவன் சோடா ஒருத்தன்தான். அவள் புருஷனின் தம்பி. சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மாட்டியது போன்ற கண்ணாடி. அதனால் வந்த பெயர். துப்பறிவதில் அவளுக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொள்வான். உதவியின் பெரும்பகுதி வாயால்தான்.

"என்ன தொழில் பண்றீங்க?" என்றாள் அண்ணி.

"டைவர்."

"எந்த வண்டி ஓட்டறீங்க?" என்றான் சோடா.

"டிரைவர் இல்லை தம்பி, டைவர். தண்ணிக்கடியில வேலை."

ஐம்பதைத் தாண்டிய ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாக வார்த்தது போல இருந்தார். இடது மணிக்கட்டில் இருந்ததை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார். கனமான எஃகு. கறுப்பு முகம். விளிம்பைச் சுற்றி எண்கள் பதித்த வளையம். எடுத்தால் கை இறங்கியது.

"முழுகிப்போன கப்பல்ல மாட்டிக்கிட்டிருந்த ஒருத்தரை வெளியே கொண்டுவந்தேன். பெரிய முதலாளி. கையிலேருந்து கழட்டிக் குடுத்தார். இதை வித்தா ஒரு வீடு வாங்கலாம்னு சொல்றாங்க."

"எங்க வீட்டையும் சேர்த்தா?" என்றான் சோடா.

டைவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தின் பக்கவாட்டில் இருந்த குமிழைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் சாவி. மத்த வாட்ச்ல சும்மா இழுத்தா வந்துடும். இதுல உள்ளே மரை இருக்கு. திருகிக் கழட்டினாத்தான் வெளியே வரும். மணி மாத்தணும்னா கழட்டணும், மாத்தின கையோட திருகி மூடணும். மூடலைன்னா தண்ணி உள்ளே போயிடும், இத்தனை விலை குடுத்து வாங்கினதும் டப்பாதான். நான் மாசத்துக்கு ஒரு தடவை திறப்பேன், தேதி மாத்த. கை காய்ஞ்சிருக்கணும், மணல் இருக்கக் கூடாது. பதினஞ்சு வருஷமா இதான் பழக்கம்."

"இப்போ?"

"இந்த மூணு வாரத்துல மூணு தடவை, காலையில எழுந்து பார்த்தா சாவி திறந்து கிடக்குது."

வெளியே ஒரு லாரி போய் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. டைவர் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"திறந்து கிடந்தா அன்னைக்கு நான் இறங்க மாட்டேன். தண்ணி புகுந்திருக்கான்னு கடையில குடுத்துப் பார்த்துட்டுத்தான் மறுபடி கட்டுவேன். நீங்கதான் ராத்திரி திறந்துட்டு மறந்திருப்பீங்கன்னு வீட்டுல சொல்றாங்க. வேலை செய்யற இடத்துல ஒரு படி மேல. மரை கழண்டது வாட்சுக்கா ஆளுக்கான்னு முதுகுக்குப் பின்னாடி சிரிப்பு."

சோடா தரையைப் பார்த்தான். அதே ஜோக் அவன் நுனி நாக்கில் இருந்தது.

"அதுக்காக இங்கே வரலை" என்றார் டைவர். குரல் இறங்கியது. "ஏரித் தண்ணியை ஊருக்கு இழுக்கற பெரிய பம்ப் இருக்கே, அதோட வாய்க்குள்ள போய்க் குப்பையும் பாசியும் எடுக்கற வேலை எனக்கு. பம்ப்பை நிறுத்திட்டு இறங்குவோம். சொன்ன நேரத்துக்கு மறுபடி ஓட்டிடுவாங்க. போன மாசம் என்கூட இறங்கினவன் வெளியே வரலை. சின்னவன்னு கூப்பிடுவோம். நல்ல பையன். நான் மேலே ஏறி வந்தப்போ அவன் இடுப்புல கட்டின கயிறோட மறுமுனை கரையில கிடந்துச்சு. பிடிக்க வேண்டிய ஆள் இடத்துல இல்லை. திங்கட்கிழமை விசாரணை. நான் பார்த்ததைச் சொல்லப் போறேன். எதிர்ல ஒருத்தன் எழுந்து, 'இவருக்குத் தன் வாட்சை மூடினோமா இல்லையான்னே ஞாபகம் இருக்காது'ன்னு சொன்னாப் போதுமே?"

"கயிறு பிடிக்க வேண்டிய ஆள் யார்?"

அவர் கடிகாரத்தின் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் திருப்பினார்.

"என் மச்சான். சம்சாரத்தோட தம்பி. எங்க வீட்டுலதான் இருக்கான். அவனும் டைவரா இருந்தவன்தான். காதுச் சவ்வு கிழிஞ்சு போச்சு, அப்புறம் தண்ணிக்குள்ள விடலை. கரையில நின்னு கயிறு பிடிக்கறான். விசாரணை முடியறவரைக்கும் இன்னும் அவன்தான்."

சோடா விரலைச் சொடுக்கினான். "கேஸ் முடிஞ்சுது அண்ணி. டீ சொல்லட்டுமா?"

"இங்கே வா. இந்தச் சாவியைக் கழட்டி மறுபடி மூடு."

சோடா கழற்றினான். சாவி ஒரு சின்னத் துள்ளலோடு வெளியே வந்தது. மூடும்போது அழுத்தித் திருகினான். கோணலாக ஏறிப் பாதியில் நின்றது. இன்னும் பலமாகத் திருகப் போனவனின் கையை டைவர் கப்பென்று பிடித்தார்.

"கொன்னுடாதே தம்பி! முதல்ல பின்பக்கமா கால் சுத்து. டிக்குன்னு மரை உட்காரும். அப்புறம் லேசா அழுத்திக்கிட்டே முன்பக்கமா. விரல் நுனி போதும். முரட்டுத்தனமா இறுக்கினா உள்ளே ரப்பர் வளையம் நசுங்கிடும்."

அவர் மூடுவதற்குள் அண்ணி பூதக்கண்ணாடியோடு குனிந்துவிட்டாள். சாவியின் தண்டில் இருந்த நுண்ணிய மரையில் ஓரிடத்தில் இழைகள் ஒன்றையொன்று கடித்திருந்தன. பழைய தழும்பு; இப்போது சோடா செய்தது அல்ல. சாவித்தலையின் பற்களுக்கு நடுவில் ஊசிமுனை அளவுக்கு ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

அவள் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேத்து ராத்திரி?"

"அதை ஏன் கேக்கறீங்க! இன்னைக்குக் காலையில பார்க்கறேன், கச்சிதமா மூடியிருந்துச்சு. அந்த நிம்மதியிலதான் மதியம் இறங்கறதுக்கு ஒத்துக்கிட்டேன்." கட்டிக்கொண்டு நேரம் பார்த்தார். "பன்னெண்டு ஆக இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. மெதுவா நடந்தே போயிடலாம். ரெண்டு மணிக்கு பம்ப்பை நிறுத்துவாங்க. மூணரைக்கு ஓட்டிடுவாங்க. நான் மூணு இருபதுக்கெல்லாம் மேலே வந்துடுவேன். வேணும்னா வீட்டுல போய் விசாரிங்க. அவ தையல் கடை வச்சிருக்கா, மூணு மணிக்குத்தான் திறப்பா."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்தது. பிள்ளைகள் ஓவென்று வெளியே கொட்டினார்கள்.

"என் வயித்துக்குள்ளேயும் மணி அடிச்சாச்சு" என்றான் சோடா. "மச்சானை எப்போ அமுக்கறோம்?"

"மச்சான் டைவர்டா. அவன் மரையைக் கடிக்க விடுவானா? திறந்தவங்களுக்கு மூடத் தெரியலை. ரோஸ் கலர்ல நகப்பூச்சு வேற போட்டிருக்காங்க."

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அந்த மனுஷனுக்கு வீட்டுல ஒரே ஒரு பொம்பளைதானே அண்ணி?"

"அதனாலதான் அவர் முன்னாடி சொல்லலை."

*

தையல் கடை வீட்டின் முன்னறை. மூன்று மணிக்கு ஷட்டர் பாதி ஏறியதும் குனிந்து உள்ளே போனார்கள். இரண்டு மெஷின், கொடியில் தொங்கும் தைத்த துணிகள், தரையெங்கும் நூல். டைவரின் மனைவி வாயில் ஊசியோடு நிமிர்ந்தாள். ஒல்லியான பெண். தூங்கிப் பல நாள் ஆன கண்கள்.

வலது கைக் கட்டைவிரல் நகத்தில் ரோஸ் பூச்சு நடுவில் பெயர்ந்திருந்தது. மற்ற நான்கிலும் முழுசாக இருந்தது.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வாட்சை நீங்கதானே திறந்து வைக்கிறீங்க?"

அந்தப் பெண் வாயிலிருந்த ஊசியை எடுத்து, ஊசி செருகும் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"மூடிப் பார்த்தேன். முதல் தடவை பயந்துபோய் மூடத்தான் பார்த்தேன், ஏறலை. அப்புறம் அப்படியே விட்டுட்டேன். திறந்து கிடந்தா அவர் இறங்க மாட்டார்ல."

"ஏன் இறங்கக் கூடாது?"

வாசலில் யாரோ துணி கேட்டு வந்து, முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"உங்க தம்பிக்காகவா?" என்றாள் அண்ணி மெதுவாக.

அவ்வளவுதான். உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. "விசாரணையில சொல்லப் போறேன்னு அவர் சொன்ன அன்னைக்கு என் தம்பி அவர் காலைப் பிடிச்சான். மாமா, மாமான்னு ரெண்டு நாள் கெஞ்சினான். சாப்பிடலை. மூணாம் நாள் காலையில குளிச்சுட்டு வந்து சிரிச்சுக்கிட்டே சாப்பிட உட்கார்ந்தான். அதுக்கப்புறம் கெஞ்சவேயில்லை. அன்னிலேருந்துதான் எனக்குப் பயம்."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"என்னன்னு சொல்லுவேன்? என் தம்பி சிரிக்கறான், பயமா இருக்குன்னா? நான் தூக்கி வளர்த்தவன் அவன். அவர் கயிறு இப்போ அவன் கையிலதான். தண்ணியில இறங்காம இருந்தாப் போதும், திங்கட்கிழமை வரைக்கும் தள்ளிடலாம்னு பார்த்தேன்."

"அப்போ நேத்து மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

அவள் நிமிர்ந்தாள். "விடலையே! நேத்தும் திறந்து வச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. காலையில அவர் கச்சிதமா மூடியிருக்குன்னு சந்தோஷமா வந்து காட்டறார். எனக்கே சந்தேகமாப் போச்சு."

மெஷினின் சக்கரத்தில் வைத்திருந்த அண்ணியின் கை அசையாமல் நின்றது.

"சோடா, காலையில நம்ம ஆபீஸ்லேருந்து அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"அவரே பார்த்துச் சொன்னாரே. பன்னெண்டுக்கு இருபது நிமிஷம் முன்னாடி."

"அவர் படியிறங்கும்போது பள்ளிக்கூட மணி அடிச்சுதே?"

"அது பன்னெண்டுக்கு அடிக்கற..." சோடாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"ராத்திரி ரெண்டு பேர் அந்த வாட்சைத் தொட்டிருக்காங்க" என்றாள் அண்ணி. எழுந்துவிட்டாள். "இவங்க திறந்து வச்சுட்டுப் போயிருக்காங்க. அப்புறம் வந்தவன் இருபது நிமிஷம் பின்னாடி தள்ளி வச்சுட்டு, மரை தெரிஞ்சவன், அழகா மூடிட்டுப் போயிருக்கான். மூணு இருபதுன்னு நினைச்சு அவர் மேலே வரும்போது..."

"பம்ப் ஓடிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்" என்றான் சோடா.

அவன் கைக்கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

"போன்?" என்றாள் அண்ணி.

"பம்ப் ஹவுஸ்ல எடுக்க மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண், முகம் வெளுத்து. "மத்த மோட்டார் சத்தம். காதுல பஞ்சு அடைச்சிருப்பாங்க." அதற்குள் அவள் செருப்பில்லாமல் தெருவில் இறங்கியிருந்தாள்.

*

சோடாவின் கார் பொதுவாக மூன்று தடவை தும்மிவிட்டுத்தான் கிளம்பும். அன்றைக்கு இரண்டாவதிலேயே கிளம்பியது. சோடா ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் அந்தப் பெண் முன்சீட்டின் கம்பியைப் பிடித்தபடி, எதையோ எண்ணுவது போல உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஏரிக் கரையில் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பம்ப் ஹவுஸ். வலப்பக்கம் கல் படித்துறையும் இரும்பு ஏணியும். அண்ணியும் அந்தப் பெண்ணும் இறங்கி வலப்பக்கம் ஓடினார்கள். சோடா காரை இடப்பக்கம் திருப்பினான்.

ஏணிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். கையில் கயிறு. கயிறு நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. தண்ணீர் கறுப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

"அக்கா? நீ எங்கே இங்கே?"

"உங்க மாமாவை மேலே கூப்பிடுங்க" என்றாள் அண்ணி.

"யாருங்க நீங்க? அவருக்கு இன்னும் நேரம் இருக்கு."

"மணி என்ன?"

அவன் நிதானமாக மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "மூணு அஞ்சு."

அண்ணி தன் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அக்கா பாய்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றினாள். அவன் விடவில்லை. "அக்கா, வேலை நேரத்துல இதைத் தொடக் கூடாது, விடு" என்றான், அப்போதும் குரலை உயர்த்தாமல். "நீ விடுடா" என்றாள் அவள். அவன் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்தது. அவன் அலறிக் கையை உதறியதும், கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தாள். நிறுத்தாமல் இழுத்தாள். உடனே வா என்பதற்கு அதுதான் அடையாளம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பயத்தில் இழுத்தது அப்படி அமைந்தது.

கயிறு கொஞ்சநேரம் அசையவில்லை. பிறகு எடை மாறியது. குமிழிகள் வந்தன. ஒரு கை ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்தது.

டைவர் இடுப்பளவு மேலே வந்து முகமூடியைத் தூக்கினார். கோபத்தில் கண் சிவந்திருந்தது. "யார்டா இழுத்தது? இன்னும் நேரம் கிடக்குதே! உள்ளே பாதி வேலை..."

"மேலே வாங்க" என்றாள் அண்ணி. "ஏறுங்க, முழுசா ஏறுங்க."

மனைவியைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. மூன்று படி ஏறினார். நான்காவது படியில் கால் வைத்தபோது, கரைக்கு அடியில் எங்கோ ஒரு பெரிய மிருகம் தொண்டையைச் செருமியது போலச் சத்தம் வந்தது. படித்துறையின் கற்கள் அதிர்ந்தன. சுருக்கமே இல்லாமல் கிடந்த தண்ணீர் நடுவில் குழிந்தது. குழி சுழல ஆரம்பித்தது. ஏணியருகே மிதந்துகொண்டிருந்த ஒரு மரக்கட்டை அதை நோக்கி மெல்லப் போய், பிறகு வேகமாகப் போய், நிமிர்ந்து நின்று, காணாமல் போனது.

டைவர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

பம்ப் ஹவுஸ் பக்கமிருந்து சோடா மூச்சிரைக்க ஓடிவந்தான். "உள்ளே தாழ்ப்பாள் அண்ணி. கதவை உடைக்கற மாதிரி தட்டினேன், ஒருத்தனுக்கும் கேக்கலை. நான்..." டைவர் கரையில் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "கேட் வாட்ச்மேன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிட்டிருக்கார்" என்றான்.

மச்சினன்தான் முதலில் பேசினான். "மாமா, நான்தான் சொன்னேனே, உங்க வாட்ச் சரியில்லைன்னு. சாவியைத் திறந்து போட்டுட்டு மறந்துடறீங்க. தண்ணி பட்டு மெதுவா ஓடுது போல. ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே?"

"உள்ளே தண்ணி போன வாட்ச் நின்னுபோகும் தம்பி" என்றாள் அண்ணி. "இருபது நிமிஷம் சுத்தமா தள்ளி ஓடாது. சரி, இவர் வாட்ச்தான் கெட்டுப்போச்சுன்னே வச்சுக்குவோம். உங்க வாட்சுக்கு என்ன வந்தது? உங்களுது எப்படி அதே இருபது நிமிஷம் பின்னாடி ஓடுது?"

அவன் கடிபட்ட மணிக்கட்டை மற்றக் கையால் மூடிக்கொண்டான். வலிக்காகத்தான் என்று நினைத்திருக்கலாம். ஆனால் விரல்கள் கடிகாரத்தின் மேல் இருந்தன.

"இறங்கும்போது நான் கேட்டேன்" என்றார் டைவர் மெதுவாக. "என்ன மாப்ளே, ரெண்டு மணிக்கு நிறுத்தற பம்ப்பை இப்பவே நிறுத்திட்டாங்களேன்னு. இவன் தன் வாட்சைக் காட்டினான். ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. 'ஆமா மாமா, இன்னைக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க, நல்லதாப் போச்சு, நிதானமா பாருங்க'ன்னான்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "வாட்சைத் திறந்து வச்சது நான்டா" என்றாள். "அவர் இல்லை. உனக்குப் பயந்து திறந்து வச்சேன்."

அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல்முறையாக அவன் முகம் கலைந்தது.

"ஒண்ணுதான் எனக்கு இடிக்குது" என்றாள் அண்ணி. "கயிறு பிடிக்கற இடத்தை விட்டுப் போனீங்க, ஒரு உயிர் போச்சு. கவனக்குறைவு. வேலை போகும், கொஞ்ச நாள் ஜெயில். அதுக்காக அக்கா புருஷனையே யாராவது கொல்லத் துணிவாங்களா? இவர் விசாரணையில வாயைத் திறந்தா நோண்டுவாங்க. நோண்டினா வேற என்ன வெளியே வரும்?"

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சுழல் இப்போது பெரிதாகியிருந்தது.

"சின்னவன் உள்ளே மாட்டினப்போ நீங்க இடத்துலதான் இருந்தீங்க, அதானே?" என்றாள் அண்ணி.

அவன் கல் படியில் உட்கார்ந்தான். பதில் அண்ணிக்கு அல்ல. அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

"என் டைவிங் டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டுத்தான் அக்கா சின்னவன் தினமும் இறங்கினான். என் பேர் எழுதின டிரெஸ். எனக்குக் காது போனதும் தூக்கி அவன்கிட்ட குடுத்துட்டாங்க. அன்னைக்கு உள்ளேயிருந்து மூணு தடவை கயிறை இழுத்தான், தூக்குன்னு அடையாளம். நல்லாத் தெரிஞ்சுது, கையில. நான் கயிறைக் கீழே போட்டுட்டு அந்த மரத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்."

அக்கா ஒரு சத்தம் போட்டாள். அழுகை என்று சொல்ல முடியாத சத்தம். பிறகு போய் அவனை அடிப்பாள் என்று சோடா நினைத்தான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கயிறு இன்னும் அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. அதன் மறுமுனை புருஷனின் இடுப்பில் இருந்தது.

கரை மேட்டில் போலீஸ் ஜீப்பின் சத்தம் கேட்டது. மச்சினன் எழுந்து ஓடவில்லை. மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தனக்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டைவர் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மச்சினன் போட்ட முடிச்சு. நனைந்து இறுகியிருந்தது. ஒருமுறை பார்த்தார், இரண்டாம் முறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தொங்கவிட்டு, "இதை யாராவது கழட்டுங்களேன்" என்றார், குழந்தை மாதிரி.

சோடா ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, கத்தி தேடிக் காருக்கு ஓடினான்.